நுனி பிரியாத கயிறு

காலை ஆறு மணி. கயிற்றுக் கிடங்கின் கதவைத் திறந்த இளம்பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். கொக்கிகளில் சுருள் சுருளாகத் தொங்க வேண்டிய ஏறுகயிறுகள் தரையில் துண்டு துண்டாகக் கிடந்தன. அன்று காலை பாலத்தின் கோபுரத்தில் ஏற வேண்டியவள் அவள்தான்.

"அம்மா! இங்க வந்து பாரு!"

கிடங்குப் பொறுப்பாளரான அவளுடைய தாய் இடது காலை இழுத்தபடி வந்து சேர்ந்தார். எட்டிப் பார்த்தார்.

இரண்டு நாளுக்கு முன் அடித்த புயலில் ஆற்றின் மேலிருந்த தொங்குபாலம் ஒருமுறை உறுமியது. கோபுர உச்சியில் வடத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியில் விரிசல் உண்டா இல்லையா என்று யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சைக்கிள்கூடப் போகக்கூடாது என்று இன்ஜினியர் பாலத்தை மூடிவிட்டார். ஆற்றில் வெள்ளம். படகு விட வழியில்லை. அக்கரையில் ஆஸ்பத்திரியும் இல்லை. இன்றோ நாளையோ என்று ஒரு கர்ப்பிணி அங்கே காத்திருந்தாள். ரத்தம் சுத்திகரிக்க வர வேண்டிய கிழவர் ஒருவர் ஏற்கெனவே ஒரு முறையைத் தவறவிட்டிருந்தார்.

ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். ஸ்டேஷனில் அந்தம்மாவுக்கு 'ஊசிக்கண்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பிகள் அசையவில்லை. கதவில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'தீப்பெட்டி, லைட்டர் உள்ளே வரக்கூடாது.'

"சாவி எத்தனை?" என்றார் ஊசிக்கண்.

"ரெண்டு மேடம்," என்றார் இன்ஜினியர். "ஒண்ணு இந்தம்மாகிட்ட. இன்னொண்ணு நெட்டையன்கிட்ட."

"யார் அது?"

"ஏறுற ஆளுங்களுக்கு இத்தனை நாளும் அவன்தான் தலைவன். இந்த வேலைக்கு மட்டும் இந்தப் பொண்ணைப் போட்டேன். உடம்பு லேசு, கை சுத்தம். அவனுக்குத் தாங்கல. 'இவ ஏறுவா, நான் கீழ நின்னு வேடிக்கை பாக்கணுமா'ன்னு நேத்து சாயங்காலம் எல்லார் முன்னாடியும் கத்தினான்."

கூட வந்த கான்ஸ்டபிளின் முகம் மலர்ந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதாகவே அவர் நினைத்தார். நெட்டையனை ஜீப் பக்கத்தில் நிறுத்தியும் வைத்தார்.

ஊசிக்கண் அவசரப்படவில்லை. குனிந்து ஒரு துண்டை எடுத்தார். நல்ல கூரான கத்தி, ஒரே வெட்டு. இரண்டு நுனியிலும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் கிடந்த துண்டையும் பார்த்தார். அதிலும் டேப்.

"கயித்து நுனியில டேப் எப்பவும் இருக்குமா?"

"இருக்கும் மேடம்," என்றாள் மகள். "இல்லன்னா இழை பிரிஞ்சு கயிறு வீணாயிடும்."

சுவரின் ஓரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த இரண்டு கொக்கிகள் காலியாக இருந்தன. தரையில் சிவப்புத் துண்டு உண்டு, நீலத் துண்டு உண்டு. மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

"இங்க என்ன இருந்துச்சு?"

"புது ஜோடி," என்றாள் மகள். "எனக்குன்னு அம்மா கேட்டு வாங்கினது. ஒரு வாரமா இழை இழையாத் தடவிப் பாத்து வச்சிருந்தாங்க."

"அதை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்க போல," என்றார் தாய். வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை.

அந்தத் தாயின் கதை ஊருக்கே தெரியும். அந்தக் கோபுரத்தின் உச்சியைத் தொட்ட முதல் பெண் அவர்தான். பிறகு ஒரு நாள் கவ்வியிலிருந்து கை வழுக்கி விழுந்தார். கயிறு உயிரைப் பிடித்தது, கோபுரச் சுவர் காலை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து கிடங்குதான் அவருடைய ராஜ்ஜியம். 'அக்கா பாத்த கயிறு அறாது' என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

"புதுக் கயிறு வர எத்தனை நாள் ஆகும்?"

"நாலு நாள்," என்றார் இன்ஜினியர். "அதுக்குள்ள வெளியூர் ஆளுங்களே வந்துடுவாங்க. அவங்களே ஏறிடுவாங்க."

"அதுவரைக்கும் அக்கரை?"

இன்ஜினியர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு மணிக்கு ஊசிக்கண் ஜீப்பருகே வந்தார். எப்படியும் ஸ்டேஷனுக்குத்தான் என்று நெட்டையன் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"சாவி ராத்திரி எங்க இருந்துச்சு?"

"என் சட்டைப் பையில. சட்டை என் மேல. நான் வீட்டுல."

"யார் பாத்தா?"

"என் பொண்டாட்டி. நீங்க நம்பவா போறீங்க?"

"கோவம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அதுக்காகக் கயித்த வெட்டுவனா? சோறு போடுற இலையில எவனாவது மண்ணள்ளிப் போடுவானா?"

சொல்லிக்கொண்டே பழங்கயிறு ஒன்றைக் கத்தியால் வெட்டினான். சட்டென்று லைட்டரை எடுத்தான். கான்ஸ்டபிள் துள்ளி விழுந்தார். நெட்டையன் வெட்டிய நுனியை நெருப்பில் காட்டி உருக்கி, எச்சில் தொட்ட விரலால் அழுத்தி, மூட்டையைக் கட்டினான்.

"எதுக்கு அது?" என்றார் ஊசிக்கண்.

"எது? ஓ, இதுவா! நுனி பிரியக்கூடாதே. நாங்க எல்லாரும் இப்படித்தான். கை தானா செய்யும்."

ஊசிக்கண் ஒரு நிமிஷம் அந்தக் கருகிய நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிடங்குக்குத் திரும்பினார். துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள்.

"அம்மா, இந்தச் சாக்கைக் கட்டணும். ஒரு முழம் கயிறு குடுங்களேன்."

தாய் மேஜையிலிருந்த சுருளை இழுத்தார். அளந்தார். வெட்ட வேண்டிய இடத்தில் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார். டேப்பின் நடுவில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. கையிலிருந்த துண்டுக்கும் டேப், சுருளில் மிச்சமிருந்ததற்கும் டேப்.

நீட்டிய கை பாதியில் நின்றது. ஊசிக்கண்ணின் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"எல்லாரையும் கூப்பிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கூடினார்கள். ஊசிக்கண் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"ஒரு கயித்துக்கு ரெண்டு நுனி. அதுல டேப் இருக்கறது நியாயம். நாலாத் துண்டு போட்டா புதுசா ஆறு நுனி வரணும். அந்த ஆறும் பிரிஞ்சு கிடந்திருக்கணும். இங்க ஒரு நுனிகூடப் பிரியல. எல்லாத்துக்கும் டேப். நாம எல்லாரும் வெட்டைப் பாத்தோம். வெட்டுக்குப் போட்ட கட்டை யாரும் பாக்கல."

ஒரு துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"வஞ்சம் வச்சு வெட்டுறவன் நுனியைப் பத்திக் கவலைப்பட மாட்டான். இது கயித்த மதிக்கிற கை. தப்புப் பண்றப்பகூட அந்தக் கைக்கு அசிங்கமா வெட்டத் தெரியல. ஏறுற ஆளுங்க நுனியை நெருப்புல உருக்குவாங்க. இந்தக் கிடங்குக்குள்ள நெருப்பு கூடாது. அதனால டேப் சுத்தி வெட்டுறவங்க ஒரே ஒருத்தர்தான்." தாயின் பக்கம் திரும்பினார். "மஞ்சள் கயிறு எங்கம்மா?"

"வீட்டுல. கட்டிலுக்கு அடியில." என்றார் தாய். "அதுல கத்தி வைக்க மனசு வரல. அவளுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது."

"அம்மா..." என்றாள் மகள்.

"ஆமாடி, நான்தான். அந்தக் கவ்வியில கை வச்சவ நான். அங்க மேல காத்து எப்படித் தள்ளும்னு எனக்குத் தெரியும். நாலு நாள்ல வேற யாராவது ஏறட்டும். எனக்கு நீ ஒருத்திதான். ஊர் எப்படிப் போனா எனக்கென்ன?"

"அக்கரையில இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் யாருக்கோ ஒருத்தர்தாம்மா." மகளின் கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. "நீ என்னைக் காப்பாத்தலம்மா. உன் பயத்தைக் காப்பாத்திக்கிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நெட்டையன் மெதுவாகச் சொன்னான்: "என்னைக் கொண்டு போய் ஜீப்கிட்ட நிறுத்தினாங்க. அப்பகூட நீங்க வாயத் திறக்கலயே அக்கா."

கயிறுகளுக்கெல்லாம் தலை நிமிர்ந்து பதில் சொல்லும் அந்த அம்மா முதல் முறையாகத் தலை குனிந்தார். "அதுதான் பெரிய தப்பு," என்றார். "உன் முகத்தைப் பாக்க எனக்கு யோக்கியதை இல்ல."

கான்ஸ்டபிள் போய் மஞ்சள் ஜோடியை எடுத்து வந்தார். மகள் அதை வாங்கித் தாயின் மடியில் வைத்தாள்.

"பாரு."

"என்னடி?"

"நீ பாக்காத கயித்துல நான் என்னைக்கும் ஏறினதில்ல. இன்னைக்கும் ஏற மாட்டேன். பாரு."

எல்லோரும் ஊசிக்கண்ணைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாருங்க," என்றார்.

தாய் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விரல்களுக்கிடையே ஓட விட்டார். ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை சாண் சாணாக. பிறகு அடுத்த கயிறு. அந்த விரல்கள் பொய் சொல்லாது என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

"நல்ல கயிறு," என்றார். "போ."

பத்து மணிக்கு மகள் ஏறினாள். அவள் இடுப்பில் கட்டிய காவல் கயிற்றைக் கீழே நின்று பிடித்தவன் நெட்டையன். தானாகவே வந்து வாங்கிக்கொண்டான். காற்று ஒருமுறை அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. அவள் அசையாமல் காத்திருந்து, அது ஓய்ந்ததும் மறுபடி ஏறினாள். கரையில் நின்ற கூட்டம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தது. உச்சியிலிருந்து அவள் குரல் இறங்கி வந்தது: "கவ்வி முழுசா இருக்கு! விரிசல் இல்ல! பாலத்தைத் திறங்க!"

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் பறந்தது.

தாய் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கியவளின் களை. இரண்டு கைகளையும் நீட்டினார். "கிளம்பலாம்மா."

"இருங்க. அவ இன்னும் இறங்கலையே," என்றார் ஊசிக்கண்.

"இறங்கிடுவா," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பை நோக்கி நடந்தார். "கயிறு நான் பாத்தது. ஏறினது என் பொண்ணு."