ஏழு விநாடி அதிகம்

மிடி ஃபைலின் நீளம் நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. கம்ப்யூட்டர் அதை ஆடியோவாக மாற்றிக் கொடுத்தபோது நாலு பத்தொன்பது இருந்தது.

தனுஷ்கோடி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஏழு விநாடி அதிகம்தான். இருபது வருடமாகக் கோயில் பொங்கலுக்குக் கீபோர்டு வாசிக்கிறவனுக்கு இந்த வேலையெல்லாம் தண்ணி பட்ட பாடு. மிடி ஃபைலுக்குள் சத்தமென்று ஒன்றும் கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும். கம்ப்யூட்டர் அதைப் படித்து, தன்னிடம் இருக்கிற குழலையும் உறுமியையும் கொண்டு ஆடியோ ஆக்கும். மைக்குக்கு அங்கே வேலையே இல்லை. அது உறைக்குள் பரணில் கிடந்தது.

ஹெட்போனை மாட்டினான். மூன்று மணி வெயில் மேலே தகரத்தைப் பொரித்துக்கொண்டிருக்க, கீழே அச்சாபீசிலிருந்து மை வாடை படியேறி வந்து மூக்கில் ஏற, முளைப்பாரிப் பாட்டு குறையில்லாமல் ஓடி, கடைசிக் குழலும் ஓய்ந்து, ஒன்றுமே இருக்கக் கூடாத அந்த இடத்தில், யாரோ காகிதக் குழாயில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். டொக். டொக். நடுநடுவே கண்ணாடி வளையல் உரசியது. அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அவனும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவன்தான்.

அது, அதே கம்பெனியில் மருந்து அடைத்த சண்முகத்தாய்க்காகப் போட்ட பாட்டு. போன பங்குனிப் பொங்கலுக்கு அவள் பாடுவதாக இருந்தது. கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே கொண்டுபோனால் வேலை போய்விடும். இவன்தான் அவசரப்பட்டான். "ஒரு நாளைக்குத் தூக்குச்சட்டிக்குள்ள ஒளிச்சுக் கொண்டு போ தாயி. சுதி நாலரைக் கட்டையா, அஞ்சு கட்டையான்னு கேக்கணும்ல" என்றான். அவள் கொண்டுபோன அன்று பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டான். ஏழு விநாடி மணி போனது. எடுத்து, "அண்ணே" என்றாள். அவ்வளவுதான். இங்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெடிச்சத்தம் கேட்டால் ஊரே தெருவுக்கு வந்து, புகை எந்தத் திசை என்று பார்க்கும். அன்றைக்கு அவன் ஒருத்தன் மட்டும் வெளியே போகவில்லை.

அவளோடு மூன்று பேர் போனார்கள். அவள் தூக்குச்சட்டிக்குள் கருகிய போன் கிடந்தது. பாவி மக, போனைக் கொண்டுபோய் மூணு பேரையும் சேர்த்துக் கொன்னுட்டாளே என்று ஊர் ஏசியது. கூப்பிட்டது யார் என்று ஒருவரும் தோண்டவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடமாகச் சோறு தின்கிறான், தூங்குகிறான், கீபோர்டு வாசிக்கிறான். சீ, என்ன பிறவி!

ஆடியோவை அழித்துவிட்டு மறுபடி மாற்றினான்.

நாலு முப்பத்தொன்று.

டொக். டொக். அப்புறம், எவர்சில்வருக்குள் போன் அதிரும் சத்தம். ட்ர்ர். ட்ர்ர். பாட்டின் சுதியும் ஏறியிருந்தது. தானாக முடிவுசெய்து நாலரைக் கட்டையில்தான் அவன் வைத்திருந்தான். திரையில் நாலரை. காதில் அஞ்சு.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சண்முகத்தாயின் மகள் பிரீத்திகா. இந்தப் பொங்கலுக்கு அம்மா பாட்டைத் தானே பாடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"மாமா, பாட்டு ஆயிருச்சா?"

"இன்னொரு தடவ மாத்தித் தாரேன் தாயி" என்று மறுபடி மாற்றப் போட்டான்.

"ஊர்க்கூட்டத்துல எம்புட்டோ பேசிட்டாக மாமா. அவ மக பாடக் கூடாதுங்கிறாக. எங்கம்மா சும்மா போனைக் கொண்டு போறவளா? யாரோ கேட்டுத்தான் கொண்டு போயிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சதை ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

சொல்லிவிடு. சொல்லித் தொலை. இவள் முகத்தைப் பார்த்து இப்போதாவது சொல்.

"எனக்கென்ன தாயி தெரியும்" என்றான்.

கம்ப்யூட்டர் மாற்றி முடித்திருந்தது. அவன் நீளத்தைப் பார்க்கவில்லை. பயம். கை நீட்டுவதற்குள் அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு பொத்தானைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் தாயி!"

அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணை மூடித் தலையசைத்தாள். உதடு பாட்டோடு அசைந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நிமிடம். நாலு. நாலு பன்னிரண்டு.

உதடு நின்றது. ஹெட்போனைக் கழற்றவில்லை.

அவள் வலது கை மடியில் எதையோ அடைக்க ஆரம்பித்தது. டொக். டொக். வளையலே இல்லாத கையில் வளையல் உரசியது. அறையெங்கும் கந்தக வாடை. மேஜை அதிர்ந்தது. ட்ர்ர். ட்ர்ர். ஒன்று. இரண்டு. அவன் எண்ணினான். ஆறு. ஏழு.

அவள் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அண்ணே" என்றாள். மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை. அம்மாவின் குரல். "அஞ்சு கட்டை வைங்க."

ஜன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கீழே கதவுகள் திறந்தன. ஒவ்வொருத்தராகத் தெருவுக்கு வந்தார்கள். புகை எந்தத் திசை என்று யாரும் தேடவில்லை. எல்லோரும் அண்ணாந்து அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.