முன் இருக்கையில் ஒருவர்

காலை ஏழரைக்கு ஆறுச்சாமி தானே ஓடும் தன்னோடி வண்டியின் முன் இருக்கையில் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டி, கைகளை முழங்காலில் வைத்துக்கொள்வார். அந்த வண்டியில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பாதையைத் தேர்வது, வேகத்தைக் கூட்டுவது, குறுக்கே ஓடும் நாய்க்கு நிற்பது எல்லாவற்றையும் வண்டியின் மூளையே பார்த்துக்கொண்டது. ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் மனிதர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றது மாநில மோட்டார் வாகனச் சட்டத்தின் ஒரு பழைய பிரிவு. அப்படி உட்காருபவருக்கு அரசு வைத்த பெயர் இருக்கையர். கோவையில் மட்டும் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். பத்தொன்பது வருடங்களில் ஆறுச்சாமி ஒரு வளைவில்கூட வண்டியைத் திருப்பியதில்லை.

தினமும் அவர் வண்டியில் அலுவலகம் போகிறவர் மரகதவல்லி. சட்டத்தில் காலாவதியான பிரிவுகளைக் களையும் குழுவின் தலைவர். ஹாரன் ஓசை, புகைச் சான்றிதழ், எட்டு போட்டுக் காட்டும் தேர்வு என்று நூற்றுக்கு மேல் நீக்கியிருந்தார். எதற்கும் யோசித்ததில்லை. இருக்கையர் பற்றிய இந்த ஒரு பிரிவை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். பிறகு ஒரு நாள் காலையில் ஆறுச்சாமியிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

வண்டி அவினாசி சாலை மேம்பாலத்தில் ஏறியபோது ஆறுச்சாமி சொன்னார்.

“நீக்கிடுங்க மேடம். அந்த வண்டிக்கு நான் எதுக்குங்க?”

நீக்கினார். ஆறுச்சாமி ஒரு பேட்டரிக் கிடங்கில் சேர்ந்தார். அங்கே நாள் முழுதும் நிற்க வேண்டும்.

மூன்றாவது வாரம் மழை பெய்தது. வண்டி சுற்றுப்பாதையில் போனதால் மரகதவல்லி முக்கியமான கூட்டத்துக்குப் பதினான்கு நிமிடம் தாமதம். யாரைக் கேட்டு இப்படி வந்தாய் என்று வண்டியிடம் சீறினார். சுரங்கப் பாலத்தில் தண்ணீர் நிற்பதாகவும், எடுத்த முடிவு சரியானது என்றும் அது இனிமையாகச் சொன்னது. மறுபடி சீறினார். அதே பதில், அதே குரல். சொல்ல வந்த மிச்சம் அன்று முழுதும் அவர் தொண்டையிலேயே கிடந்தது.

தமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தார். மூன்று மாதத்தில் போக்குவரத்துத் துறைக்கு நாற்பதாயிரம் மனுக்கள் வந்தன. விபத்து என்று ஒருவரும் எழுதவில்லை, விபத்தே நடக்கவில்லை. வண்டி சரியாகத்தான் போகிறது, ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். சிலர் வண்டியின் கண்ணாடியைக் குத்தி உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

களைவதற்கென்றே அமைத்த குழு முதன்முறையாக ஒரு பிரிவைச் சேர்த்தது. முன் இருக்கையில் பொறுப்பர் என்ற பெயரில் ஒருவர் அமர வேண்டும். வண்டியைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. காது நன்றாகக் கேட்க வேண்டும், நிதானம் வேண்டும். ஆறுச்சாமிக்கான நியமன ஆணையை மரகதவல்லி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவருக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

முதல் நாளே, கோயில் ஊர்வலம் ஒன்றுக்காக வண்டி நான்கு நிமிடம் நின்றது. இறங்கும்போது மரகதவல்லி தம்மையும் அறியாமல் வெடித்தார்.

“நேரம்னு ஒண்ணு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்த வழியா எதுக்கு வந்தீங்க?”

“தப்புதானுங்க மேடம்,” என்றார் ஆறுச்சாமி, திரும்பிப் பார்த்து.

மரகதவல்லிக்கு நெஞ்சு லேசானது. நாலு எட்டு வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. முகம் சிவக்கத் திரும்பி வந்து, ஜன்னலில் குனிந்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

“அதெல்லாம் வேண்டாமுங்க,” என்றார் ஆறுச்சாமி. “கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க மேடம். உங்க பின்னாடி ஒருத்தர் ஏற நிக்கறாருங்க. ரொம்பக் கோவமா இருக்கறாப்ல தெரியுது.”