தேக்குத் தளத்தில் விழுந்த குழிகள்

"இந்தப் பழியை நீங்கதான் தொடைச்சுக் குடுக்கணும், மேடம். இல்லாட்டி நம்ம மாவட்டத்துல எனக்கு இனிமே வேலையே கெடைக்காது."

அருள்தாஸ் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். துபாயில் மரத்தளங்களுக்குப் பாலியூரித்தேன் என்னும் பளபளப்புப் பூச்சு பூசக் கற்று ஊர் திரும்பியவர். புதுக்கோட்டையில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் புவனேஸ்வரி, நடந்ததை முழுமையாகக் கூறச் சொன்னார். உதவியாளர் சேரன் அருகில் நின்றார்.

திருமயத்தில் ஆண்டியப்பன், மருமகள் சரண்யாவின் நடனப் பள்ளிக்காக மாடியில் தேக்குப் பலகைத் தளம் அமைத்திருந்தார். சென்ற சனிக்கிழமை அருள்தாஸ், உலர்ந்த முதற்பூச்சை நயமான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தபின், காற்றோட்டத்திற்காகச் சன்னலைத் திறந்துவைத்து உணவருந்தச் சென்றார். திரும்பி வந்து இரண்டாம் பூச்சைப் பூசினார். மறுநாள் கண்ணாடிபோல் மின்ன வேண்டிய தளத்தில் அம்மைத் தழும்புகளைப்போல் குழிகள் தெரிந்தன. "போலிச் சரக்கு" என்று தீர்ப்பளித்த ஆண்டியப்பன் அத்துடன் நிற்கவில்லை. அருள்தாஸுக்கு அடுத்த வேலையைத் தரவிருந்த இலுப்பூர் மரியசெல்வத்திடமும் அவ்வாறே தொலைபேசியில் கூறிவிட்டார். விசாரணைக்கு முன்பே தண்டனை! இதற்குப் பெயர் நியாயமாம்.

"நீங்க சாப்பிடப் போனப்ப மழை பேஞ்சுச்சா?" என்று கேட்டார் புவனேஸ்வரி.

"நல்ல மழைங்க. பதறி ஓடியாந்தேன். நல்லவேளை, சன்னல் சாத்தியிருந்துச்சு. காத்துல சாத்தியிருக்கும்னு நெனச்சேன்."

அன்றும் சனிக்கிழமை. மூவரும் உடனே காரில் புறப்பட்டனர்.

"ஆண்டியப்பன் மகன் ரகுநாத் வேலைதான் மேடம்!" என்றார் சேரன். "மரத்தளமே வேணாம், டைல்ஸ் போடலாம்னு அவர் சண்டை போட்டாராமே."

"டைல்ஸ் புடிக்கிறது குத்தமா, சேரன்? எனக்குந்தான் புடிக்கும்."

உடலெங்கும் நல்லெண்ணெய் பளபளக்க, துண்டு மட்டும் கட்டியிருந்த ஆண்டியப்பன் வாசலுக்கு வந்தார். "இன்னும் கொஞ்சம் ஊறணும், அப்பறந்தான் குளியல். சனிக்கிழமை தவற மாட்டேன். மாடிக்குப் போறதுன்னா செருப்பைக் கழட்டிட்டுப் போங்க. தரை கெட்டுரும்."

"அதான் கெட்டுப்போச்சுங்களே?" என்றார் சேரன்.

"அது இந்தாளு சரக்கால கெட்டது. எங்க வீட்டுல ஒருத்தரும் செருப்புக்காலோட மேல ஏறுனதில்ல!"

மாடித் தளம் முழுவதும் குழிகள் இல்லை. கதவிலிருந்து சன்னல்வரை ஒரு வரிசை. அங்கிருந்து கதவுக்கு மற்றொரு வரிசை. இடையிடையே தளம் பழுதின்றி இருந்தது. புவனேஸ்வரி கூறியபடி, சேரன் ஒவ்வொரு குழிக்கூட்டத்தையும் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டார். குதிகால், முன்பாதம், ஐந்து விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

வீட்டார் அனைவரையும் மாடிக் கதவின் வெளியே வரவழைத்தார் புவனேஸ்வரி.

"அன்னைக்கி மழையில சன்னலைச் சாத்தித் தரையைக் காப்பாத்துனது யாருங்க?"

"வேற யாரு, நான்தான்!" என்று நிமிர்ந்தார் ஆண்டியப்பன். "இந்தாளு தொறந்து போட்டுட்டுப் போயிட்டாரு. ஒரு சொட்டுச் சாரல் உள்ள விழல."

"குளிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஆண்டியப்பன் குனிந்து தம் எண்ணெய்க் கால்களைப் பார்த்தார்.

"சரக்கு போலின்னா தளம் முழுக்கக் கெட்டிருக்கணும். இங்க ஒருத்தர் நடந்த வழி மட்டுந்தான் கெட்டிருக்கு. எண்ணெய் பட்ட எடத்துல இந்தப் பூச்சு ஒட்டாம வெலகிக் குழி விழும். செருப்பைக் கழட்டுனா போதும்னு நெனச்சீங்க. எண்ணெய்க்காலோட வெறுங்காலா நடந்தீங்க. செருப்போட வந்திருந்தாக்கூட தூசியைத் தொடைச்சிருக்கலாம்."

சுண்ணாம்புக் கோட்டுக்குள் தம் பாதம் பொருந்துகிறதா என்று பார்க்க ஆண்டியப்பன் ஒரு காலை உள்ளே நீட்டினார்.

"மாமா, வேணாம்! இப்பவும் காலெல்லாம் எண்ணெய்!" என்று அலறினார் சரண்யா.

ரகுநாத் வாய்விட்டுச் சிரித்தார். ஆண்டியப்பன் காலை இழுத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலேயே மரியசெல்வத்தை அழைத்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மரியசெல்வம், அருள்தாஸ் மேல நான் சொன்னது தப்புங்க. சரக்கு நல்ல சரக்கு. எண்ணெய்க்காலோட மிதிச்சுக் கெடுத்தது நான்தான். இந்தத் தரையையும் அவரே திருப்பிப் பண்ணட்டும்னு கேட்டுக்கப் போறேன்."

அருள்தாஸ் தொலைபேசியை நோக்கி ஓரடி முன்னால் வந்தார்.

"சரிங்க. திங்கக்கிழமை அவரை இலுப்பூருக்கு வரச் சொல்லுங்க," என்றது மறுமுனைக் குரல். "வேலை முடியுற வரைக்கும் நீங்க மட்டும் இங்கிட்டு வந்துராதீங்க."