தாய் டேப்

புதுச்சத்திரம் தாண்டியிருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு அக்சிலியா வந்து சேர்ந்தபோது காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆய்வகத்துக்குள் மட்டும் இருட்டு. லேசர் வெளிச்சத்தில் படமெடுக்கும் அறை என்பதால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. பக்கத்துக் கோழிப்பண்ணை என்று நினைத்துக்கொண்டாள்.

குறைக்கடத்திப் படிகம் ஒன்றை உரித்து உரித்து, ஒரே ஒரு அடுக்காக்கி, இன்று மாலைக்குள் படமெடுத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி உதவித்தொகை நின்றுவிடும்.

"புதுப் படிகம் வரலைம்மா. இதுல உரிச்சுக்க," என்று பேராசிரியர் ஆனந்தகுமார் ஒரு டப்பாவைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே, முன்பு யாரோ படிகம் ஒட்டிய டேப். அதிலிருந்துதான் அடுத்தடுத்த டேப்புகளுக்கு உரித்தெடுப்பார்கள். ஆய்வகத்தில் அதற்குத் தாய் டேப் என்று பெயர்.

பிரித்தாள். சளி மாதிரி நூல் இழுத்தது. கையுறை ஒட்டிக்கொண்டு இம்சை செய்யவே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லோரும் செய்வதுபோல வெறும் கட்டைவிரலால் சிலிக்கான் சில்லின் மேல் அழுத்தித் தேய்த்தாள்.

பச்சை லேசரைப் போட்டாள். கனத்த துண்டுகள் இருண்டு கிடக்கும். ஒற்றை அடுக்கு மட்டுமே சிவப்பாக ஒளிரும்.

ஒளிர்ந்தது.

"மாதாவே!" என்று பூரித்துப்போனாள். படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பிய பிறகுதான் சில்லை நுண்ணோக்கியில் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். வளைவளைவாக ரேகைகள். ரேகைகளின் மேல் பொடித் துளைகள். அவை திறந்து, பிசுபிசுவென்று எதையோ கசியவிட்டன.

மூடிக்கொண்டன.

மறுபடி திறந்தன.

கூட்டிப் பெருக்க வந்த ராமாத்தாள் டப்பாவைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க சாமி, இதையா தொட்டீங்க?" குரல் கிசுகிசுத்தது. "இங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த சிவபிரகாசு தம்பி பொங்க லீவுல இந்த ரூம்புலயே செத்துக் கெடந்துச்சுங்க. லீவு முடியற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. தூக்கறப்ப இந்த டேப்பு கைய உட்டு வரல. இழுத்தாங்க... பெருவெரல் தோலு அதோட வந்துருச்சுங்க."

"அப்ப ஏன்க்கா தூக்கிப் போடலை?"

"அதுல இன்னும் கல்லு ஒட்டியிருக்குதுன்னு சார் எடுத்து வெச்சுட்டாருங்க."

சீ, மனுஷனா அவர்! அக்சிலியா தொட்டிக்கு ஓடினாள். சோப்பு, அசிட்டோன், மறுபடி சோப்பு. கட்டைவிரல் கொழகொழவென்றே இருந்தது. 'அருமையான படம்மா! நாளைக்கும் அதிலேயே எடு' என்று செல்போனில் செய்தி வந்தது.

உதவித்தொகை போனால் போகட்டும், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே போகிறவர்கள் வருகைப்பதிவு இயந்திரத்தில் கட்டைவிரல் வைத்தால்தான் கதவு திறக்கும். வைத்தாள்.

கதவு திறந்தது. திரையில் ஒரு பெயர் வந்து நின்றது.

சிவபிரகாஷ்.