ஆவி படியாத இடம்

பியூட்டி பார்லரில் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த விக்கைக் காணோம்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் டீச்சர் வெட்டிக் கொடுத்த சொந்த முடியில் செய்த விக் அது. இன்று அவர் மகளுக்குக் கல்யாணம். டீச்சர் மொட்டைத் தலையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை மணி ஏழு. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"பெட்டியைக் கடைசியா தொட்டது யாரு?"

"இவதான்." பார்லர்க்காரி தன் உதவியாளரைக் காட்டினாள். "நேத்து ராத்திரி ஸ்பிரிட் போட்டுப் பெட்டிக் கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தா. நான் கிளம்பிட்டேன். காலைல வந்தா இப்படி. நான் பெட்டிகிட்டவே போகல."

"கடைச் சாவி?"

"ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு."

"நான் எடுக்கல மேடம்," என்றாள் உதவியாளர். சாயம் பட்டு வெடித்த அவள் விரல்களில் பெட்ரோலியம் ஜெல்லி பளபளத்தது.

பெட்டியின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிசுக்கு. இழுபட்டிருந்ததால் ரேகை தெரியவில்லை.

"பாருங்க, அவ கையில எப்பவும் அப்பியிருக்கறதுதான்," என்றாள் பார்லர்க்காரி.

"நீங்க கைக்கு என்ன போடுவீங்க?"

"கிளிசரின் ஜெல். எண்ணெய்ப் பசை எனக்கு ஆகாது."

இன்ஸ்பெக்டர் முகத்துக்கு ஆவி பிடிக்கும் மெஷினை இழுத்து வந்து கதவுக்கு நேரே வைத்தார். கண்ணாடி வெளுத்தது. பிசுக்குப் பட்ட இடம் மட்டும் தெளிவாகவே இருந்தது. பிறகு சுவர்க் கண்ணாடியில் ஜெல்லியை ஒரு பக்கமும் கிளிசரினை ஒரு பக்கமும் தடவி ஆவி காட்டினார். ஜெல்லியின் மேல் பொடித் துளிகள் பூத்தன. கிளிசரின் தடவிய இடம் பளிச்சென்று இருந்தது.

"கிளிசரின் தண்ணியை இழுத்துத் தன்கிட்ட வெச்சுக்கும். தோல்ல ஈரம் நிக்கறது அதாலதான். கண்ணாடியில தடவினா ஆவி துளியாகாம பரவிடும். மழையில என் ஹெல்மெட் கண்ணாடிக்கு அதைத்தான் தடவறேன். ஜெல்லி தண்ணியோட ஒட்டாது. தோல்ல இருக்கற ஈரம் போகாம மூடி போடும், அவ்வளவுதான்." பார்லர்க்காரியின் பக்கம் திரும்பினார். "அவ துடைச்ச பிறகு இந்தக் கதவைத் தொட்டது உங்க கை."

பார்லர்க்காரி கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"விக்குக்குச் சுருள் போட்டு அசத்தலாம்னு ராத்திரியே திரும்பி வந்தேன். சுருள் மெஷின்ல சூடு ஏறினது தெரியல. கருகிப்போச்சு. என் பேரு கெட்டுப்போகும்னு..."

டீச்சர் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். கருகிய நுனிகள் விரலில் உதிர்ந்தன.

"கருகிடுச்சுன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அதோட போயிருக்கும். இந்தப் பொண்ணைத் திருடின்னு சொல்ல உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

டீச்சர் எழுந்து போய்ப் பெரிய கண்ணாடி முன் உட்கார்ந்தார்.

"வாம்மா," என்றார் உதவியாளரிடம். "முகத்துக்கு மட்டும் மேக்கப் பண்ணிவிடு, தலை இப்படியே இருக்கட்டும். என் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."