வருத்தம் தெரிவிப்பவள்

காலையில் பல் துலக்கிய கையோடு சங்கரவடிவு மெய்மணியை எடுத்துத் தொண்டைக்குழியில் ஒட்டிக்கொள்வாள். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். கண்ணாடி முன் நின்று முதலில் ஓர் உண்மை சொல்ல வேண்டும், அடுத்து ஒரு பொய். "எம் பேரு சங்கரவடிவு" என்றாள். மணி பச்சையாக ஒளிர்ந்தது. "பாகற்காய்னா எனக்கு உசுரு" என்றாள், சிவந்தது. குரல்வளையின் நடுக்கத்தையும் இரத்த ஓட்டத்தையும் அது படிக்கிறதாம். எப்படிப் படித்ததோ, பாகற்காய் விஷயத்தில் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

அவளுடைய வேலை வருத்தம் தெரிவிப்பது. ஏதாவது ஒரு நிறுவனம் யாருடைய அந்தரங்கத் தகவலையாவது நழுவ விட்டாலும், கூசாமல் விற்றாலும், தரவுத் தொழில் கூட்டமைப்பு அந்த வீட்டுக்கு வடிவை அனுப்பும். அவள் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, மனதார வருந்திவிட்டு வருவாள். தென்மண்டலத்தில் அவள் போன இடமெல்லாம் பச்சை என்று அலுவலகத்தில் பேர்.

முன்பெல்லாம் இதற்கு ஆள் கிடையாது. "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். ஜனங்கள் கொதித்துப்போனார்கள், அரசாங்கம் சட்டம் கொண்டுவருவேன் என்று மிரட்டியது. சட்டமெல்லாம் எதற்கு, எங்களை நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்று நிறுவனங்கள் ஒன்றுகூடி நன்னடத்தை விதிகளை எழுதின. இனிமேல் பொய் வருத்தம் இல்லை, ஒரு மனுஷி நேரில் வருவாள், அவளுடைய வருத்தம் நிஜம்தானா என்று மெய்மணி சாட்சி சொல்லும் என்றார்கள். நாடே கைதட்டியது. வடிவும்தான் தட்டினாள். மணி பச்சையானால் குறை தீர்ந்ததாகக் கொள்ளப்படும், அதன்பிறகு நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று அதே விதியின் வாலில் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. கைதட்டிய யாரும் அதுவரை படிக்கவில்லை.

வடிவு பயிற்சியின்போது படித்தாள். ஒருத்தர் மனதார வருந்துவதே பெரிய விஷயமில்லையா என்றுதான் அப்போது நினைத்தாள். போன மாதம் பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் அந்த நினைப்பு போயிற்று. வலிப்பு இருக்கிற சேதி வெளியாகி ஆலை வேலையை இழந்த தையல்காரர் ஒருவர் அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு அவள்தான் போய்வந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டும் பயனில்லை, அவர் பார்த்துவிட்டார். "நீங்க வந்து பேசினது எம்புட்டு ஆறுதலா இருந்துச்சு தெரியுமாம்மா" என்று காசு வாங்காமல் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். அந்தக் கடலையை அவளால் தின்னவும் முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை.

இன்றைக்கு அலுவலகத்தில் மேலாளர் ரூபன் தூத்துக்குடி முகவரி ஒன்றை நீட்டினார்.

"மரியபுஷ்பம்னு ஒரு அம்மா. சொந்தமா ஸ்கூல் வேன் வச்சு ஓட்டுறாங்க. ராத்திரி தூக்கம் சரியில்லன்னு அவங்க கையில கட்டுற நாடிப்பட்டை எழுதினத நம்ம உறுப்பினர் கம்பெனி ஒண்ணு இன்சூரன்ஸ்காரங்களுக்குக் கொடுத்திருச்சு. அவங்க வண்டியப் பூட்டிட்டாங்க, இப்ப வேன் இந்தம்மா கைக்கு ஸ்டார்ட் ஆகாது."

"மன்றத்துக்குப் போனா?"

"கண்டிப்பா ஜெயிச்சிருவாங்க. தகவலத் திரும்ப வாங்கு, பூட்ட எடுன்னு உத்தரவு வந்திரும். அதுக்குத்தானே மேடம் உங்கள அனுப்புறோம்?" ரூபன் கெட்டவர் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் இதையும் சொன்னார்.

"வேற யாரையாச்சும் அனுப்புங்களேன்."

"எஸ்தர் இருக்காங்க."

எஸ்தர் சோப்பு விளம்பரம் பார்த்தே கண் கலங்குகிறவள். அவள் போனால் வாசல்படி ஏறும்போதே மணி பச்சையாகிவிடும். "வேண்டாம், நானே போறேன்" என்றாள் வடிவு.

வண்டியில் போகும்போதே மனதைக் கல்லாக்கிக்கொள்ளத் தொடங்கினாள். வாசலைத் தாண்டி வெளியே வரும்வரை மணி சிவப்பாகவே இருந்துவிட்டால் போதும்; மன்றத்தின் கதவு திறந்துவிடும், அறிவிப்பும் தானாகவே புஷ்பத்துக்குப் போய்விடும். வாயைத் திறந்து சொல்லத்தான் வழியில்லை. மணிக்குக் காதும் உண்டு. 'மன்றத்துக்குப் போ' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சந்திப்பு செல்லாது என்று அறிவித்து நாளைக்கே எஸ்தரை அனுப்பிவிடுவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்திக்கு நல்லது செய்யப்போகிறோம், அதற்கு அவளிடம் ஈரமில்லாமல் நடந்துகொண்டால் போதும் என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு முன்னால் மஞ்சள் வேன் நின்றது. துளி தூசி இல்லை. புஷ்பத்துக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். உட்காரக்கூடச் சொல்லவில்லை. வண்டி கழுவிய ஈரத்துணியும் கையுமாக நின்ற வாக்கில் ஆரம்பித்தாள்.

"வாங்க மேடம். வருத்தம் சொல்ல வந்தீங்களாக்கும். எம் புருசன் ஆஸ்பத்திரியில கெடக்கையில பக்கத்துல முழிச்சிருந்தேன், அதான் தூங்கல. அத உங்க பட்டை எழுதிச்சா? நாள் தவறாம வண்டியக் கழுவுதேன். கழுவி என்னத்துக்கு? நான் கதவத் தொட்டா 'ஓட்டத் தகுதியில்லை'ன்னு பிள்ளைய எல்லாம் கேக்கும்படி கத்துது. எம் பிள்ளைங்க இப்ப வேற வண்டியில போவுது."

திட்டு தாயே, நன்றாகத் திட்டு என்று வடிவு உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். திட்டு வாங்கும்போது வருத்தம் கிட்டே வராது. வீட்டில் அடைத்துக்கிடக்கும் சாக்கடையை நினைத்தாள், அதற்கு ஆள் அனுப்பாத மாநகராட்சியை நினைத்தாள். பிறகு கடையில் விலைப்பட்டியல் வாசிப்பதுபோல விதியில் உள்ள வாசகத்தை ஒப்பித்தாள்: "தங்களுக்கு ஏற்பட்ட பாதிப்புக்குக் கூட்டமைப்பின் சார்பில் மனதார வருந்துகிறேன்."

மணி ரத்தச் சிவப்பாக எரிந்தது. வடிவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வாசல் கதவுக்கு நாலெட்டுதான்.

"மேடம்" என்றாள் புஷ்பம். குரலில் முன்பிருந்த சூடு இல்லை. "அது செவப்பா எரிஞ்சா பொய்யின்னுதானே அர்த்தம்?"

வடிவு நடந்துபோய் கையைக் கதவின்மேல் வைத்தாள்.

"கம்பெனிக்காரனுக்கு வருத்தம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். நீங்களும் எங்கள மாதிரி வேலைக்குப் போற பொம்பளதானே? உங்களுக்குக்கூடவா இல்ல? அப்ப எனக்கு நடந்தது ஒண்ணுமே இல்லியா மேடம்?"

கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஓடியே போயிருக்கலாம். இத்தனை நாள் இத்தனை வீடுகளில் ஏறியிறங்கியும், தனக்கு நடந்தது ஒன்றுமே இல்லையா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்க விடாமல் அவள்தான் முந்திக்கொண்டு வருந்தியிருக்கிறாள். வடிவு திரும்பிப் பார்த்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. புஷ்பத்தின் கையில் ஈரத்துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா... அப்பிடி இல்ல. என்னை மன்னிச்சிரு" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

தொண்டையில் மணி பச்சையாக ஒளிர்ந்தது. உடனே பைக்குள் கைபேசி சிணுங்கியது. அதில் என்ன எழுதியிருக்கும் என்று வடிவுக்குப் பார்க்காமலே தெரியும். கோப்பு மூடப்பட்டது.

புஷ்பம் பச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் மெல்ல இளகியது. "அழாதீங்கக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சர்பத் கலந்து கொண்டுவந்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "இப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. நம்ம கஷ்டம் ஒருத்தருக்காச்சும் புரியணும்லா?"

வடிவு தலையாட்டினாள்.

புஷ்பம் ஜன்னல் வழியே வேனைப் பார்த்தாள். "அப்ப வண்டி என்னைக்குக்கா ஓடும்?"

வடிவு தம்ளரைக் கீழே வைத்தாள். மெய்மணியை நகத்தால் நெம்பி எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"சீக்கிரமே ஓடும்மா" என்றாள்.