இசைக்கவையில் எச்சில்

அன்று மதியம் இசைப்பள்ளியின் மாடி அறையில் ஐந்து பேர் இருந்தோம். பாடம் நடத்த வந்த என் தங்கை. அவள் இனியும் பாடம் நடத்தலாமா என்று பார்க்க வந்த முதல்வர் அம்மா. முதலில் பாட வந்த நெட்டையன். அடுத்துப் பாடக் காத்திருந்த கண்ணாடிக்காரி. கதவை ஒட்டிய நாற்காலியில் நான். ஆறாவதாக ஒருவரும் உள்ளே வரவில்லை. கதவருகே இருந்தவன் சொல்கிறேன். மற்றதெல்லாம் தங்கை பிறகு என்னிடம் சொன்னது.

தங்கை பெட்டியிலிருந்து எடுத்தபோதே இசைக்கவையின் காம்பு ஈரமாக இருந்தது.

முன்பின் பார்க்காத ஸ்வரத்தாளைக் கையில் கொடுத்ததும் மாணவன் பாட வேண்டும். எந்த இடத்தில் பிசகினான் என்று அவள் தாளைப் பார்க்காமல் காதாலேயே சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை. எங்களுக்குக் 'காதுக்காரர் வீடு' என்றே பெயர். ஆனால் அவளுடைய வலது காது செவிடாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடது காது கேட்கும், ஆனால் எல்லாம் சுருதியில் கொஞ்சம் மேலே தள்ளிக் கேட்கும். டாக்டரிடம் போக வேண்டாம், விஷயம் வெளியே போய்விடும் என்று தடுத்தவன் நான். இசைக்கவையைத் தட்டிக் காம்பைப் பல்லில் கடித்தால் சரியான சுருதி எலும்பு வழியாகவே மண்டைக்குள் ஏறும் என்று சொல்லிக்கொடுத்தவனும் நான். கைக்குட்டையால் மறைத்து, இருமுவதுபோல் கடிப்பாள். அன்று ஒரு பிசகைத் தவறவிட்டாலும் வேலை போகும். வேலையோடு வீட்டுப் பெயரும்.

"அண்ணனும் வந்திருக்கீங்களே," என்றார் முதல்வர் அம்மா. "பரிட்சை உங்களுக்கா, தங்கச்சிக்கா?"

"எங்க வீட்டுக் காதுக்கே பரிட்சையாம். அந்தக் கூத்தைப் பார்க்க வந்தேன்."

"பாருங்க. எடுத்து மட்டும் கொடுக்காதீங்க."

தங்கைக்கு இதெல்லாம் தூரத்தில் கேட்டது. அவள் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் சாவி அவள் பைக்குள்தான் இருந்தது, வேறு யாரும் தொட்டிருக்க முடியாது. ஆனாலும் அந்த ஈரம் வெதுவெதுப்பாக, கைக்குட்டையில் நூல் நூலாக இழுபட்டு, துடைக்கத் துடைக்க மறுபடி ஊறி, தூங்கி எழுந்து கொப்பளிக்காத வாயின் நாற்றத்தோடு விரலிடுக்கில் பிசுபிசுத்தது. முதல்வர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

வேறொருவருடைய எச்சிலின் ருசி. திரிந்த பாலும் ரத்தமும் கலந்ததுபோல. சுருதிக்காகக் காத்திருந்தாள்.

இரண்டு வருடமாக ஒரு சத்தமும் கேட்காத வலது காதுக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

நெட்டையன் தொண்டையைச் செருமித் தாளைத் தூக்கினான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே வலது காதுக்குள் பாட்டு தொடங்கிவிட்டது. சின்னக் குரல், நாக்கு சப்புக்கொட்டும் ஓசையோடு. அவள் பார்க்காத அந்தத் தாளை, ஒரு ஸ்வரமும் பிசகாமல், அவனுக்கு ஒரு தாளத்தட்டு முன்னால் பாடியது. நான்காவது ஸ்வரத்தில் அவன் அதிலிருந்து பிரிந்து போனான்.

அவள் காம்பை வாயிலிருந்து எடுத்தாள். "நாலாவது. நீ ஒரு படி மேல போயிட்ட."

"ஆமா டீச்சர்," என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

முதல்வர் அம்மா தன் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளுக்குச் சந்தோஷமும் வாந்தியும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. அந்த அசிங்கத்தை மறுபடி வாயில் வைக்கக் கூடாது என்று நினைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன், கடி என்று.

கடித்தாள்.

கண்ணாடிக்காரி பாடினாள். காதுக்குள் இருந்ததும் பாடியது. இப்போது அவசரமாக, மென்றுகொண்டே, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு. கழுத்தில் ஏதோ சூடாக இறங்கியது. ஜாக்கெட் ஓரம் நனைந்தது. அதே நாற்றம்.

கண்ணாடிக்காரி பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"டீச்சர், உங்க காதுலேர்ந்து ஏதோ ஒழுகுது."

கைக்குட்டை கீழே விழுந்தது. காம்பை விட முடியவில்லை. தாடை இறுகிவிட்டது. வலது கையின் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டாள்.

மெத்தென்று இருந்தது.

ஈரம். அசைந்தது. விரல் நுனியை நக்கியது.

அதற்கு மேல், வரிசையாக, கூராக.

மூடிக்கொண்டது.

ஆசிரியைக்குப் புத்தி பேதலித்துத் தன் விரலைத் தானே கடித்துத் துண்டாக்கிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் வீட்டில் யாருக்கும் புத்தி பேதலித்ததில்லை. அந்த நேரத்தில் அவள் பற்களுக்கு நடுவே இசைக்கவை இருந்தது, நால்வரும் பார்த்தோம். விரலில் இருக்கும் பல்தடம் ஒவ்வொன்றும் எள்ளளவுதான். துண்டாகப் போன நுனி அறையில் எங்கும் கிடைக்கவில்லை.